கோணிக்காரத் தெருவில் விட்டுவைத்த சுவர்

நம் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தக் கல்யாணப் பத்திரிகையிலும் நம் தொழிலை அச்சடிக்க மாட்டார்கள். என் மாமனார் கடைசிவரைக்கும் சொந்தக்காரர்களிடம், "மாப்பிள்ளை கட்டடத் துறையில இருக்கார்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். அதில் பொய் இல்லை. அந்தத் துறையின் கடைசி வரிசையில் நான் நின்றுகொண்டிருந்தேன். பொறியாளர் வரைவார், கொத்தனார் கட்டுவார், குடும்பம் குடியேறும், வாழும், சண்டை போடும், பாகம் பிரிக்கும். எல்லாம் முடிந்த பிறகு கடப்பாரையோடு நான் போவேன்.

இப்போது போவதில்லை. முதுகு விட்டுவிட்டது. டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "கீழ் எலும்பு தேஞ்சிருக்கு, இனிமே மேல எதுவும் ஏத்தாதீங்க" என்றார். பழைய வீட்டுக்காரர்களிடம் நான் சொல்லிவந்த அதே வசனம். நல்லவேளை, "இடிச்சுடறது நல்லது" என்று அவர் சொல்லவில்லை.

ஐம்பதைத் தாண்டியதும் ஓய்வு எடுத்துக்கொண்டு கள்ளிக்குப்பத்தில் என் பழைய மரக் கிடங்கு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். அம்பத்தூரிலும் ஆவடியிலும் ஜேசிபி வாங்கி இந்த வேலையில் இறங்கியிருக்கும் உங்களில் சிலர் வந்து, "அண்ணா, அனுபவத்துல நாலு விஷயம் சொல்லுங்க" என்கிறீர்கள். நாலு தாங்காது. ஒன்று சொல்கிறேன்.

துறைமுகத்துக்குப் பின்னால் கோணிக்காரத் தெரு என்று ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாகச் சிலர் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டுப் போவார்கள். அவர்களைக் கூட்டிவருகிறவர் தெருவின் சரித்திரத்தை ஆரம்பத்திலிருந்து சொல்வார். நாம் அதே சரித்திரத்தைக் கடைசியிலிருந்து படிக்கிறவர்கள். மேலேயிருந்து கீழே இறங்கிக்கொண்டே படிப்போம்.

முதலில் டிஷ் ஆன்டெனா, பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி. அதற்கடியில் ஆஸ்பெஸ்டாஸ் அறை. வாடகைக்கு ஆள் அடைத்த காலம். அதையும் இறக்கினால் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட பழைய தளம். அதைத் தாங்கும் பர்மாத் தேக்கு உத்திரங்கள். அவையும் ஒரு காலத்தில் கப்பலில் சரக்காக வந்து இறங்கியவைதான். மாடிச் சுவரைச் சுரண்டினால் ரோஸ், ரோஸுக்குள் பச்சை, பச்சைக்குள் நீலம். ஒவ்வொரு நிறத்திலும் ஒரு கல்யாணம். தரைத்தளத்துக்கு வந்தால் ஆள் குடியிருந்த அடையாளமே இருக்காது. அது கிடங்கு. மூட்டை தூக்க மேலே இரும்புக் கொக்கி. தரைக்கல் இடுக்கில் கடப்பாரை விட்டு நெம்பினால் இன்றைக்கும் சணல் தூசி கிளம்பும், தும்மல் வரும். துறைமுகம் கட்டுவதற்கு முன்னால் கப்பல்கள் தூரத்தில் நிற்குமாம். கரையிலிருந்து படகில் அலைதாண்டி மூட்டைகளைக் கொண்டுபோவார்களாம். அந்த மூட்டைகளுக்குக் கோணி தைத்த தெரு இது. பிறகு பிளாஸ்டிக் சாக்கு வந்தது. கோணி போனது. ஒயர் கடையும் பல்பு கடையும் வந்தன. பெயர் மட்டும் போகவில்லை.

அந்தத் தெருவில் ஒரு மாடி வீடு எனக்குக் கிடைத்தது. வீட்டுக்காரர் ரகு, ஐடி கம்பெனி வேலை, அயனம்பாக்கத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு. அப்பா காலமான பிறகு அக்கா தம்பிகள் எல்லோருமாக விற்பதென்று முடிவு. வாங்குகிறவருக்கு வெறும் மனையாக வேண்டும், அதுவும் அந்த வாரக் கடைசிக்குள். ரகு கெட்டவர் இல்லை. கெட்டவராக இருப்பதற்கு அவருக்கு நேரம் கிடையாது. காதில் எப்போதும் ஒரு மீட்டிங் ஓடிக்கொண்டிருக்கும். நம்மிடம் பேசுகிறாரா, அமெரிக்காவிடம் பேசுகிறாரா என்று தெரிந்துகொள்ள அவர் வாயைப் பார்க்கக் கூடாது, கண்ணைப் பார்க்க வேண்டும்.

தளத்தை உடைத்து இறக்கியாகிவிட்டது. உத்திரங்கள் மட்டும் சுவருக்குச் சுவர் வரிசையாக வெயிலில் கிடந்தன. நம் தொழிலில் உத்திரத்தை முழு நீளமாக எடுப்பதுதான் கௌரவம் என்பது உங்களுக்கே தெரியும். எவனாவது பாதியில் அறுத்தால் கிடங்குக்காரர்கள் அவனைப் பார்த்துச் சிரிப்பார்கள். அதிலும் இந்த உத்திரங்களுக்கு ஏற்கெனவே ஆள் இருந்தார். ஏரியைப் பார்த்தபடி வீடு கட்டுகிற ஒருவர், "ஒரு இஞ்ச் குறையாம வேணும்" என்று சொல்லிவைத்திருந்தார்.

என் மேஸ்திரி ஏழுமலை, சேக்காட்டுக்காரர். முதல் உத்திரத்தின் ஒரு முனையை விடுவித்தார். சங்கிலி போட்டார். மறுமுனை பக்கத்து வீட்டை ஒட்டிய சுவருக்குள் இருந்தது. இழுத்தார்கள். வரவில்லை.

"இன்னா மேஸ்திரி?"

"மாட்டிகினு கீதுண்ணா. அத்தினி வருசமா தூங்குன கட்ட, எழுப்புனா கோச்சிக்காதா? இன்னொரு இழு இழுத்தா தானா வந்துரும்."

இதுதான் நம் எல்லோருக்கும் இருக்கும் வியாதி. ஒன்று வரவில்லையென்றால் ஏன் வரவில்லை என்று யாரும் கேட்பதில்லை. இன்னொரு இழு. ஆட்கள் காலை ஊன்றி இழுத்தார்கள். உத்திரம் ஒரு விரற்கடை அசைந்தது. ஒருத்தன் விசிலடித்தான். விசில் முடிவதற்குள் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு குரல்.

"டேய்! எவன்டா அது என் ஊட்ட இழுக்குறது?"

வாசலுக்கு ஓடினேன். கையில் கரண்டியோடு ஒரு அம்மாள் நின்றார். தலையிலும் தோளிலும் சுண்ணாம்பு. பெயர் கன்னியம்மா. கீழே பழைய கிடங்கில் மூட்டை தூக்குகிறவர்களுக்கு மீன் குழம்புச் சாப்பாடு போடுகிறவர். வீடு அவர் மாமனார் வழி வந்த சொந்த வீடு.

"நீதான் மேஸ்திரியா?"

"கான்ட்ராக்டரும்மா."

"அப்ப ஒனக்குத்தான் கரண்டி. மேலருந்து சுண்ணாம்பு கொட்டுது நைனா. கொயம்புல உழுந்தா பரவால்ல, வெத்தலைக்குத் தடவிக்கலாம். மேல என் ஊட்டுக்காரு படுத்துகினு கீறாரு. அவுரு மேல உத்தரம் உழுந்தா அவுர நான் எதுக்குத் தடவிக்கிறது?"

மரப்படி ஏறி மேலே போனோம். கட்டிலில் மாணிக்கம் படுத்திருந்தார். துறைமுகத்தில் சரக்கு தூக்கும் வின்ச் ஓட்டியவர். வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. அவர் எங்களைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டிலுக்கு நேர் மேலே ஒரு உத்திரம்.

"அந்தாண்ட முனைய பாரு," என்றார்.

பார்த்தேன். உத்திரம் முழுக்கப் புகையேறிக் கறுத்துக் கிடந்தது. தூரத்துச் சுவரில் அது நுழையும் இடத்தில் மட்டும் ஒரு விரல் அகலத்துக்குப் புத்தம் புதுச் சிவப்பு. கட்டிய நாளிலிருந்து சுவருக்குள் ஒளிந்திருந்த மரம், இப்போதுதான் முதல்முறையாக வெளிச்சம் பார்த்திருக்கிறது. நாங்கள் அந்த வீட்டில் இழுத்த உத்திரம், சுவரைத் தாண்டி, இந்த வீட்டு உத்திரத்தையும் சேர்த்து இழுத்திருக்கிறது. இந்த முனை பிடியிலிருந்து நழுவ ஆரம்பித்துவிட்டது. இன்னும் இரண்டு இழு இழுத்திருந்தால் அது நேராகக் கட்டில் மேல் வந்து உட்கார்ந்திருக்கும்.

விஷயம் அப்புறம்தான் விளங்கியது. கோணிக்காரத் தெருவில் இடம் குறைவு. ஒருவர் வீடு கட்டினால், பக்கத்தில் கட்டுகிறவர் தனக்கென்று தனிச்சுவர் எழுப்ப மாட்டார். முதல் வீட்டுச் சுவரிலேயே தன் உத்திரங்களை ஊன்றிக்கொள்வார். பத்திரம் கித்திரம் எதுவும் இல்லை, வாய்ப்பேச்சுதான். அதோடு விட்டிருக்கலாம். காற்றும் புயலும் அடிக்கிற கடற்கரைத் தெரு என்பதால், சுவருக்குள்ளேயே இரண்டு வீட்டு உத்திரத் தலைகளையும் முட்டவைத்து, இரும்புப் பட்டை போட்டு ஆணியடித்திருக்கிறார்கள். தெருவே ஒன்றையொன்று கை கோத்து நின்றிருக்கிறது. நான் ஒருத்தர் கையைப் பிடித்து இழுத்திருக்கிறேன்.

கன்னியம்மாவுக்கு விளக்கிச் சொன்னேன். பாதியிலேயே அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"அப்ப நடுவுல கீற சொவுரு போச்சுன்னா?"

நான் அந்தச் சிவப்பு முனையையே பார்த்தேன்.

"இன்னா, வாயில கொயக்கட்டையா?"

"சுவர் போனா உங்க வீடும் கூட வரும்மா."

அவர் கரண்டியைக் கட்டில் காலில் ஒரு தட்டுத் தட்டினார். "இவுர தூக்கிகினு நான் எங்க போறது?" என்று கேட்டார். திட்டும் குரலில் இல்லை. முதல்முறையாக மெதுவாகக் கேட்டார். அதற்குக் கரண்டி அடியே வாங்கியிருக்கலாம்.

முதல் காரியமாக சவுக்குக் கட்டைகளைக் கொண்டுவந்து அந்த நழுவிய முனைக்கு அடியில் முட்டுக் கொடுத்தோம். மாணிக்கத்தைக் கீழே இறக்கலாம் என்றேன்.

"நான் எறங்க மாட்டேன்," என்றார். "கீய போனா இவ என்னிய வெங்காயம் உரிக்க வெப்பா. ஒரு கைதான் வேல செய்யுதுன்னு சொன்னாலும் உட மாட்டா."

"உசுரு முக்கியமா, வெங்காயம் முக்கியமா?" என்றார் கன்னியம்மா.

"நீ வெங்காயம் உரிச்சிக் கீறியா? அப்பறம் பேசு."

கடைசியில் கட்டிலோடு மூலைக்கு நகர்த்திவிட்டோம். ஏழுமலையும் ஆட்களும் தூக்கியபோது மனிதர் வின்ச் ஓட்டுகிற காலத்துப் பழக்கத்தில், "மெல்ல... மெல்ல... இறக்கு... ஸ்டாப்" என்று உத்தரவு போட்டுக்கொண்டே வந்தார்.

பிறகு ரகுவுக்குப் போன் செய்தேன். உடனே கிளம்பி வந்தார். வந்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்.

"அண்ணா, சுவர் எங்க அளவுக்குள்ளதானே வருது? இன்ஜினியர் பார்த்துட்டுத்தான் சொன்னார். நம்ம சுவரை நாம எடுக்கறோம். அவங்க வேணும்னா அவங்க இடத்துல ஒரு சுவர் கட்டிக்கட்டும்."

காகிதப்படி அவர் சொன்னது சரி. தப்பென்று சொல்ல என் கையில் எதுவும் இல்லை.

தம்பிகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். எனக்கு அப்போது இரண்டு வழி பளிச்சென்று தெரிந்தது. ஒன்று, வாயை மூடிக்கொண்டு இடிப்பது. இன்னொன்று, "இந்தப் பாவத்தைச் செய்ய மாட்டேன்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கி நடப்பது. இரண்டாவது பார்க்க நன்றாக இருக்கும். எனக்கும் அப்படி ஒருமுறை நடந்து பார்க்க ஆசைதான். ஆனால் நான் தெருமுனை தாண்டுவதற்குள் ரகு வேறு ஒருத்தருக்குப் போன் போட்டிருப்பார். அந்த ஆள் மெஷினோடு வருவார். அவருக்கு அந்தச் சிவப்பு மரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஒரே காலையில் சுவர் கீழே வந்துவிடும். கௌரவமாக விலகிப்போகிறவனால் கன்னியம்மாவுக்கு என்ன லாபம்? கடப்பாரை நம் கையில் இருக்கும் வரைக்கும்தான் சுவர் நம் பேச்சைக் கேட்கும். அதனால் நான் வேலையை விடவில்லை.

"சார், ஒரு நிமிஷம் மேல வாங்க," என்றேன்.

"எங்க மேல? வீட்டுலதான் மாடியே இல்லையே."

"பக்கத்து வீட்டு மேல."

வந்தார். ஏழுமலையிடம் அந்தப் பக்கம் போய், நாங்கள் இழுக்காத வேறொரு உத்திரத்தின் மேல் சுத்தியலால் லேசாகத் தட்டச் சொன்னேன். ரகுவை இந்தப் பக்கம் ஸ்டூல் மேல் ஏற்றி, அதற்கு நேரான உத்திரத்தில் கையை வைக்கச் சொன்னேன்.

டொக். டொக்.

ரகு கையை வெடுக்கென்று எடுத்துவிட்டார். பிறகு மறுபடியும் வைத்தார். காதில் இருந்ததைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். நான் பார்த்து அதுவே முதல் தடவை.

மூலையிலிருந்து மாணிக்கம் கேட்டார்: "நீ நம்ம டைலர் மிசினு கடைக்காரர் புள்ளதான?"

"ஆமாங்க."

"ஒங்க அப்பாரு காலைல ரேடியோ வெப்பாரு. எனக்கு இந்தாண்ட கேக்கும். அப்பால நான் ரேடியோவே வாங்கல. எதுக்கு தண்டமா?"

"அப்பா சத்தமா வைப்பார்," என்றார் ரகு.

"சத்தம்னா சத்தம்! நியூஸ் முடிஞ்சி அவுரு ஆஃப் பண்ணிட்டா நான் இந்தாண்டருந்து சொவுர தட்டுவேன். திருப்பிப் போடுவாரு. ஒரு தபாகூட கோச்சிகினது இல்ல."

கன்னியம்மா படியில் நின்றார். ரகுவிடம் அவர் எதுவும் கேட்கவில்லை, கெஞ்சவும் இல்லை. கரண்டியை முந்தானையில் துடைத்துக்கொண்டேயிருந்தார். ஏற்கெனவே துடைத்த கரண்டி.

ரகு ஸ்டூலிலிருந்து இறங்கினார். "சுவரை விட்டா என்ன ஆகும்ணா?"

"வாங்குறவர் மனையில சுவர் அகலத்துக்கு இடம் குறையும். அவர் எப்படியும் தூண் போட்டுத்தான் கட்டப் போறார். இந்தச் சுவர் மேல அவர் சுமை எதுவும் வராது. அவர்கிட்ட நீங்கதான் பேசணும்."

"உத்திரமெல்லாம்?"

அதைத்தான் அவர் கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். "சுவருக்கு ஒரு சாண் முன்னாலேயே அறுத்துடறேன். தலை சுவருக்குள்ளயே கிடக்கட்டும். இழுத்தாதானே வம்பு?"

என் பின்னால் ஏழுமலை நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "அண்ணாத்தே, தேக்குண்ணா அது. பர்மாத் தேக்கு. ஒரு சாண் உட்டுட்டு அறுத்தா, ஏரி ஊட்டுக்காரன் இன்னா சொல்லுவான்? நம்ம ஆளுங்க இன்னா சொல்லுவானுங்க?"

"சிரிப்பானுங்க மேஸ்திரி. சிரிக்கட்டும்."

ரகு தெருவுக்கு இறங்கி வெயிலில் அங்குமிங்கும் நடந்தபடி வாங்குகிறவரிடம் நெடுநேரம் பேசினார். குரல் உயர்ந்தது, தாழ்ந்தது. ஒரு கட்டத்தில், "சார், நான் தொட்டுப் பார்த்தேன், அதான் சொல்றேன்" என்பது எங்களுக்கு நன்றாகக் கேட்டது. மேலே வந்து, "ஒத்துக்கிட்டார். சந்தோஷமா ஒத்துக்கலை. ஆனா ஒத்துக்கிட்டார்" என்றார். கன்னியம்மா உடனே கீழே போய்விட்டார். குழம்பு அடிப்பிடித்துவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார். கீழே குழம்பை ஏற்கெனவே இறக்கி வைத்தாகிவிட்டது என்று எனக்குத் தெரியும்.

இனி அறுக்க வேண்டும். மெஷின் வாள் ஆகாது. அதன் அதிர்விலேயே அந்த நழுவிய முனை இறங்கிவிடும். கைவாள்தான் வேண்டும். எங்கள் ஆட்களிடம் இல்லாத மெஷின் இல்லை. கைவாள் மட்டும் ஒருவரிடமும் இல்லை. தெருக்கோடியில் கப்பலுக்குப் போகும் சாமான்களுக்கு மரப்பெட்டி அடிப்பவரிடம் கேட்டு ஏழுமலை இரவல் வாங்கிவந்தார்.

எங்கள் பக்கம் உத்திரத்துக்கு இருபுறமும் முட்டுக் கொடுத்து, ஒரு சாண் விட்டு, ஏழுமலையும் இன்னொருவரும் வாளைப் பிடித்தார்கள். சுவரின் அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது. உத்திரத்துக்குப் பக்கத்தில் சுண்ணாம்பு உதிர்ந்து ஒரு கை அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது. அதில், அந்தப் பக்கம் ஸ்டூல் மேல் ஏறி நின்ற கன்னியம்மாவின் ஒரு கண் தெரிந்தது.

"அறு," என்றது கண்.

அறுத்தார்கள்.

"நிறுத்து! மண்ணு கொட்டுது."

நிறுத்தினார்கள்.

"இன்னா நின்னுட்டீங்க? அறு. மெல்ல. தலமுடி அறுக்குறாப்புல அறு."

"ஆயா, தலமுடிய யாரு வாளுல அறுப்பா?" என்றார் ஏழுமலை.

"ஆயாவா? யாரு ஆயா? ஒன்கூட ஸ்கூல்ல படிச்சவ மாரி கீறேன். வாள பாத்து அறு."

பின்னாலிருந்து மாணிக்கத்தின் குரலும் வந்தது. "லெஃப்ட்டு முட்டு லூசா கீது. டைட்டு பண்ணச் சொல்லு." ஒரு ஆள் அந்தப் பக்கம் ஓடிப்போய்ப் பார்த்தார். லூசாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு நான் அங்கே தேவையில்லை. முதலாளி நான், ஆனால் கண் சொன்னால் அறுத்தார்கள், கட்டில் சொன்னால் நிறுத்தினார்கள். நான் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தக் கட்டத்தில் என் தகுதிக்கு அது சரியான வேலை.

கடைசி இழை அறுந்தபோது உத்திரம் எங்கள் பக்கத்து முட்டில் மெத்தென்று உட்கார்ந்தது. ஓட்டையில் கண் இல்லை. ஓடிப்போய் அந்த முனையைப் பார்த்திருக்கிறார். திரும்பிவந்து சொன்னார்:

"நவுரல."

அதே மாதிரி ஒவ்வொன்றாக எல்லா உத்திரங்களையும் அறுத்து இறக்கினோம். நழுவிய முனைக்கு அடியில் ஒரு நிரந்தரத் தூணும் வைத்துக் கொடுத்தேன். ஏரி வீட்டுக்காரர் நான் எதிர்பார்த்ததைச் சொன்னார், கொஞ்சம் கூடுதலாகவே சொன்னார். அம்பத்தூர்க் கிடங்குகளில் அந்த வருடம் முழுக்க எனக்கு "ஒரு சாண்" என்று பட்டப்பெயர். அந்தத் தேக்கு துண்டு துண்டாகிப் பல வீடுகளில் டிவி ஸ்டாண்டாக நிற்கிறது. அயனம்பாக்கம் பக்கம் யாராவது உங்களுக்கு அதைக் காட்டி, "கப்பலில் வந்த மரம்" என்றால் நம்புங்கள்.

வார இறுதியில் மனை காலியாகிவிட்டது. ரகு வந்து பார்த்தார். நடுவில் வெற்றிடம். ஒரு பக்கத்தில் மட்டும் அந்த ஒற்றைச் சுவர் மாடி உயரத்துக்கு நின்றது. அறுத்த தேக்குத் தலைகள் வரிசையாக வெளியே எட்டிப் பார்த்தன. கீழே கிடங்கின் வெள்ளை, மேலே ரோஸும் பச்சையும். படிக்கட்டு ஏறிய தடம் சாய்வாக ஒரு கோடு. ரகு அந்தக் கோட்டை அடியிலிருந்து உச்சி வரை கண்ணாலேயே ஏறிவிட்டு இறங்கினார். "முடிஞ்சிருச்சுல்ல அண்ணா?" என்றார். "முடிஞ்சிருச்சு சார்," என்றேன்.

முடியவில்லை. கன்னியம்மா வாசலில் காத்துக்கொண்டிருந்தார்.

"நைனா, கெளம்பிட்டியா?"

"ஆமாம்மா. இனிமே பயம் இல்லையே?"

"பயம் இல்ல. இந்த சொவுரு இத்தினி வருசமா ஊட்டுக்குள்ள இருந்த சொவுரு. மய பாத்ததே இல்ல. இப்ப தொறந்து போட்டுட்ட. நாளைக்கு மய வந்தா மொத்தமும் ஊறிகினு என் ஊட்டுக்குள்ள வராதா?"

இத்தனை வருடத்தில் எத்தனை சுவர்களை வெளியே நிற்கவிட்டுப் போயிருப்பேன்! உடைத்ததைத்தான் கணக்குப் பார்ப்போம். நின்றதைத் திரும்பிப் பார்த்ததில்லை. உள்பக்கமாகவே வாழ்ந்த சுவருக்கு மழை என்றால் என்னவென்று தெரியாது. இதை நான் உங்களுக்குப் பாடமாகச் சொல்லவில்லை, வேலையாகச் சொல்கிறேன்: இடித்துவிட்டுக் கிளம்பும்போது, எது நிற்கிறதோ அதைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டுப் போங்கள்.

"கொத்தனார் யாரையாவது அனுப்பறேம்மா."

"வருவான்னு நான் ஒக்காந்துகினு கீறதா? மானத்த பாத்தியா? ஒன் ஆளுங்க கீறாங்கல்ல?"

"அவங்க இடிக்கிறவங்கம்மா."

"கை அதே கைதான?"

வானம் கறுத்துக்கொண்டு வந்தது. கொத்தனார்கள் யாரும் அன்றைக்குக் கிடைக்கவில்லை. ஆகவே வாழ்நாளில் ஒரு சுவரைக்கூடப் பூசாத ஒரு கூட்டம், சாரம் கட்டி, சாந்து குழைத்து, கோணிக்காரத் தெருவில் பூச்சு வேலை ஆரம்பித்தது. பாதிச் சாந்து சுவரில் ஒட்டியது. மீதி எங்கள் மேல் ஒட்டியது. ஏழுமலை சாந்து பூசும் கரணையைக் கடப்பாரை மாதிரி பிடித்தார். பல்பு கடைக்காரர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். கன்னியம்மா கீழே நின்று, "அந்த எடம் பள்ளமா கீது, இந்த எடம் வீங்கிப் போய்க் கீது" என்று சொல்லிக்கொண்டேயிருந்தார். மதியம் எல்லோருக்கும் மீன் குழம்பு போட்டார். அதில் சுண்ணாம்பு இல்லை. நான் முதலில் ருசி பார்த்துவிட்டுத்தான் ஆட்களுக்குச் சொன்னேன்.

நாங்கள் சாரத்தைப் பிரித்துக்கொண்டு கிளம்பிய பிறகு மழை பிடித்தது. சாதாரண மழை இல்லை. கள்ளிக்குப்பத்தில் கிடங்குத் தகரத்தின் மேல் அது விழுந்த சத்தத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. விடாமல் பெய்தது. பெய்து முடித்த காலையில் கன்னியம்மாவுக்குப் போன் செய்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தேன். எடுத்தார்.

"அம்மா, சுவர் எப்படி இருக்கு?"

"இரு, மேல போயிப் பாக்குறேன்."

மரப்படி சத்தம் கேட்டது. மாணிக்கம் எதையோ கேட்டார், இவர் எதையோ சொன்னார். பிறகு உள்ளங்கையால் சுவரைத் தடவுகிற சத்தம். மேலே, கீழே, மூலையில்.

"ஒயுவல நைனா," என்றார். "ஆனா ரொம்ப அசிங்கமா கீது."